பாம்பூஃப்ளாட் வீட்டுக்கு ஓர் உயில்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. போன வருஷம் மழை பிடிப்பதற்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, வீடு வந்து சேர்ந்தார்.

2. உயில் எழுதிவிடலாம் என்று சொன்னது நான்.

3. வக்கீலைத் தேடிப் பிடித்ததும் நான். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

4. உயிலோடு வைப்பதற்கு வீட்டின் பிளானை நானே வரைந்து கொடுத்தேன்.

5. வீடு அண்ணனுக்கு என்று எழுதினார்கள். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தங்கிக்கொள்ள ஓர் அறை.

6. அண்ணனும் மைனியும், அதாவது அண்ணியும், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

7. அந்தக் கையெழுத்துச் சடங்கில் ஒரு தப்பு நடந்தது. வக்கீலுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் அந்தமானுக்கு வந்து பதினைந்து வருஷம் நிறைந்ததை அறிந்து, தீவு வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி இந்தப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். பவளப் பாறை, சிறைச்சாலை, காட்டில் இருக்கிற ஆதிவாசிகள், இவற்றைப் பற்றி ஊரில் படிக்க ஆசைப்படுவார்கள் என்று தெரியும். அவை எல்லாம் இங்கே இருக்கின்றன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. இந்த ஒரு வருஷமாக நான் பார்த்தது மேலே உள்ள ஏழு விஷயங்களைத்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாம்பூஃப்ளாட்டில், படகுத் துறையிலிருந்து மேலே ஏறுகிற சரிவில் இருக்கிறது. காலையில் ஃபெர்ரி ஏறி சாத்தமில் இறங்கி, பஸ் பிடித்து போர்ட் பிளேர் போவேன். அங்கே சர்க்கார் கட்டட இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. மதராஸில் கன்னிகாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் தங்கி அந்தப் படிப்பைப் படித்தேன். ஆபீசில் பக்கத்து மேஜை வங்காளி, எதிர் மேஜை தெலுங்கர், தலைமை டிராஃப்ட்ஸ்மேன் மலையாளி. எல்லோரும் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். அளவு சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்கு வாயில் முதலில் வருவது இந்திதான். வீட்டில் அம்மாவிடம் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லும்போதுகூட, மூணு நாள் என்பதற்குப் பதிலாக 'தீன் தின்' என்று வந்துவிடும். அம்மா முறைப்பாள்.

அப்பா தச்சர். குளச்சல் பக்கத்தில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தவர். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கண்டிராக்டரோடு இங்கே வந்து, மனை ஒதுக்கீடு கிடைத்ததும் எங்களை வரவழைத்தார். அண்ணன் இங்கே நிலைக்கவில்லை. மேல்படிப்புக்கு ஊருக்குப் போனான். அங்கேயே வாத்தியார் வேலை, அங்கேயே கல்யாணம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவன், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆனான். அவன் மகளுக்கு எங்கள் பேச்சு வேடிக்கை. தாத்தா ஏன் பாதி இந்தியில் பேசுகிறார் என்று கேட்டுச் சிரிக்கும்.

முதலில் போட்ட வீட்டைக் கறையான் தின்றுவிட்டது. இரண்டாவது வீட்டை நானும் அப்பாவும் சேர்ந்து கட்டினோம். நான் வரைந்தேன், அவர் அறுத்தார். வீட்டின் மரத் தூண்களுக்குக் கீழே கான்கிரீட் கட்டை வைக்கவேண்டும் என்று சொன்னது நான். வைத்தது அவர். இன்றைக்கும் ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றுவதென்றால் என்னைக் கேட்காமல் அவர் உளி எடுக்கமாட்டார். பிள்ளை சொன்னால் நூல் பிசகாது என்று படகுத் துறையில் எல்லோரிடமும் சொல்லுவார். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

உயில் யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் வரிசையில் ஒரு வங்காளி அம்மாள் இருக்கிறாள். புருஷன் போனபின் மனையைத் தன் பெயருக்கு மாற்ற அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. இங்கே நிலம் சர்க்காருடையது, நமக்கிருப்பது அனுபவிக்கிற உரிமையும் மேலே நிற்கிற வீடும். நிலக்கணக்குப் பார்க்கும் பட்வாரி ஒன்று சொல்வான், தாசில் ஆபீசில் வேறொன்று சொல்வார்கள், பெரிய பாபு லீவில் இருப்பார். அம்மாவுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்று நினைத்தேன். அம்மாவுக்கு ஃபெர்ரியில் ஏறினாலே தலை சுற்றும்.

வக்கீலின் அறை அபர்தீன் பஜாரில், ஒரு துணிக்கடைக்கு மேலே. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பி கிடைக்காத ஊரில் வந்து மாட்டிக்கொண்டோமே என்று அப்பாவும் அவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

"ஒரு மகன்," என்றார் அப்பா. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "இந்தப் பிள்ளையும் உண்டு," என்றார்.

அதற்கப்புறம் வக்கீல் என்னைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். உயில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். நாம் கிறிஸ்தவர்கள், இங்கே நமக்கு உள்ள வாரிசுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆணென்றும் பெண்ணென்றும் அதில் வித்தியாசம் கிடையாது.

சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "சும்மா விட்டா மகளுக்கும் சரிசமமாப் போயிரும் கேட்டியளா. அதுக்குத்தானே உயிலு."

மிகவும் நல்ல மனுஷர் மாதிரிதான் இதைச் சொன்னார். நம்ம ஊர் முறை ஒன்று இருக்கிறதே என்றார். மகளுக்குச் சீதனம், மகனுக்குச் சொத்து. சட்டத்தை எழுதியவர்களுக்கு அது தெரியாது, அதைச் சரிக்கட்டத்தான் வக்கீல் என்று ஒருவன் இருக்கிறான் என்றார். அப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வக்கீல் எழுத ஆரம்பித்துவிட்டார்.

நம்ம ஊர் முறை என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் சின்ன அத்தைக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்கு ஏழு எட்டு வயது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த அந்த வாரம் வீட்டுக்குள் ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அத்தையைக் கூப்பிட்டார்கள். சீதனம் பெற்றுக்கொண்டேன், இனி அப்பன் சொத்தில் எனக்கு ஒரு பாத்தியதையும் இல்லை என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. அத்தைக்கு நன்றாக எழுதப் படிக்க வரும். ஆனாலும் விரலில் மையைத் தடவி உருட்டினார்கள். கையெழுத்தென்றால் படித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்பாள் அல்லவா. அந்த முறை கடல் தாண்டி, துணிக்கடைக்கு மேலே மாடி ஏறி, எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

திரும்பும்போது ஃபெர்ரியில் கூட்டம். மீன் கூடைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன், வீட்டில் எனக்கும் பாதி எழுதவேண்டும் என்று.

"நீ கெட்டிப் போற பிள்ளல்லா மக்களே." கல்யாணமாகிப் போகிறவளாம்.

அண்ணன் இங்கே வந்து இருக்கப்போவதில்லை என்றேன்.

"வந்தாலும் வராட்டாலும் அவன் ஆம்பிளப் பிள்ள."

அப்படியென்றால் கறையான் தின்றபோது அந்த ஆம்பிளைப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கோழிக்கூண்டோடு பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், "க்யா ஹுவா, பேட்டி?" என்றார், என்னம்மா ஆச்சு என்று. "குச் நஹி," என்று அப்பா எனக்குப் பதிலாகச் சொன்னார். ஒன்றுமில்லையாம்.

பிளானை ஏன் வரைந்து கொடுத்தாய் என்று ஆபீசில் என் தோழி கேட்டாள். தாசில் ஆபீசிலிருந்து வந்த நகலில் எல்லைகள் தப்பாக இருந்தன. வடக்கே ஓடை என்றிருந்தது, எங்களுக்கு ஓடை கிழக்கே. அது அப்படியே உயிலில் போனால் நாளைக்கு அம்மாதான் அலைவாள். வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோபத்துக்காக ஒரு கோட்டைக் கோணலாகப் போட எனக்கு வராது. வரைந்து, அளவு போட்டு, எல்லை எழுதிக் கொடுத்தேன். வக்கீல் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று அப்பாவைப் பாராட்டினார். ஆமாம், அப்பாவை.

அண்ணன் கெட்டவன் இல்லை. கப்பல் விட்டு இறங்கியதிலிருந்து என்னை 'இன்ஜினியரம்மா' என்றுதான் கூப்பிட்டான். எனக்கு நாகர்கோவிலிலிருந்து சேலை வாங்கி வந்திருந்தான். வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, இதற்கு இப்போது நல்ல கிராக்கி இருக்கும், பின்னால் விற்றுவிட்டு அம்மாவை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான். அப்பா இருக்கும்போதே சொன்னான். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன எதுக்கு இழுக்க? நான் இங்கெனதான் கெடப்பேன்," என்றாள்.

"நீ கெடப்ப. இவ கெட்டிப் போனா உனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

"உன் பெண்டாட்டியக் கூட்டிட்டு நீ வாயேன், ஊத்து," என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மைனியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சில் நான் கல்யாணமாகிப் போய்விட்ட ஆளாகவே இருந்தேன். எனக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை.

கப்பல் திரும்புவதற்கு முன்னால் கையெழுத்தை முடிக்கவேண்டும் என்று எல்லோரும் போர்ட் பிளேர் போனோம். தலை சுற்றினாலும் அம்மாவும் வந்தாள். உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். வக்கீலின் குமாஸ்தா ஒருவர். கீழே துணிக்கடைக்காரரை இன்னொருவராக நினைத்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டார். வக்கீலுக்கு அவசரம், வேறொரு கட்சிக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது நான்தான். குமாஸ்தா பேனாவை என்னிடம் நீட்டினார். வக்கீல் தடுத்தார். "நீ போடப்படாதும்மா. உயில்ல பேரு இருக்கவங்க சாட்சி போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாமப் போயிரும். உனக்கு அந்த ரூமு போயிரும்லா."

எனக்காகக் கவலைப்பட்டார். அண்ணனும் கூடாது, அம்மாவோ தலைசுற்றலோடு பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். வக்கீல் அறையைச் சுற்றிப் பார்த்தார். மைனி ஜன்னலோரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"மருமவ இருக்கால்லா. அவளுக்குத்தான் இதுல ஒண்ணும் இல்லியே. கையெழுத்துப் போடத் தெரியுமா?"

மைனி பி.ஏ. படித்தவள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவள். "தெரியும் சார்," என்று சிரித்துக்கொண்டே வந்து, அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே, குமாஸ்தாவின் பெயருக்குப் பக்கத்தில், தன் பெயரை அழகாக எழுதினாள். அண்ணனின் மனைவி என்றும் எழுதினாள்.

கப்பல் போனபிறகு, எனக்கு எழுதிய அந்த ஓர் அறைக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க நினைத்தேன். அண்ணன் வீட்டை விற்றால் வாங்குகிறவன் என்னை அங்கே இருக்க விடவேண்டுமா? இலாகா லைப்ரரியில் கண்டிராக்ட் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில் வாரிசுச் சட்டமும் இருந்தது. மத்தியான இடைவேளைகளில் அதைப் படித்தேன். சட்டமும் ஒரு வரைபடம் மாதிரிதான், எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லியிருக்கும். அதில், வக்கீல் என்னிடம் சொன்ன விதியைக் கண்டேன். சாட்சி போட்டவருக்கு உயிலில் எழுதியது செல்லாது. அதோடு விதி நிற்கவில்லை. சாட்சி போட்டவரின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியதும் செல்லாது.

மைனி சாட்சி. ஆகவே அண்ணனுக்கு எழுதிய வீடு அவனுக்குச் செல்லாது. உயிலே இல்லாததுபோல, சட்டம் சொல்லும் கணக்குப்படி மூன்று பேருக்கும் பிரியும்.

எப்படி இந்தத் தப்பு நடந்தது என்று பலமுறை யோசித்தேன். வக்கீல் சட்டம் தெரியாதவர் இல்லை. மைனியைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, இவளுக்கு இதில் ஒன்றும் இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அதே நினைப்புதான். வந்த பெண்ணுக்கு வீட்டில் என்ன இருக்கப்போகிறது, பிறந்த பெண்ணுக்கே இல்லாதபோது? அந்த நினைப்பு எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. சட்டம் அவளைப் புருஷனோடு சேர்த்து எண்ணுகிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

தனியாகப் போய் வக்கீலிடம் புத்தகத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பாவை ஒருநாள் கூட்டி வந்தால் வேறு சாட்சி வைத்து ஐந்து நிமிஷத்தில் திருப்பி எழுதிவிடலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இல்லாட்டி பேசாம இரு. உனக்குத்தானே லாபம்."

புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். தொழிலில் தப்புச் செய்தவர், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்கிறார். நேராகக் கேட்டபோது கிடையாது என்றார்கள். இப்போது, பேசாமல் இருந்தால் கிடைக்கும்.

வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவில்தான் அப்பாவின் பட்டறை. அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முன்னால் இரண்டு வழி வைத்தேன். மனதில் இருப்பது அதுதான் என்றால் வேறு சாட்சியோடு அண்ணனுக்கே திருப்பி எழுதுங்கள், நான் கூட வருகிறேன். இல்லையென்றால் என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

இழைப்புளியைக் கீழே வைத்தார். "இப்ப இருக்கபடி இருந்தா, நான் போனபொறவு?"

"அம்மாக்கு மூணுல ஒண்ணு. மிச்சம் எனக்கும் அண்ணனுக்கும் சமம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "கெடக்கட்டு," என்றார்.

அப்படியென்றால் எனக்குக் கொடுக்க உங்களுக்கு இஷ்டம் என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். அவர் இழைப்புளியை மறுபடி எடுத்தார். அதை எழுதிவிடுங்களேன் அப்பா என்றேன்.

"எழுதினா அவன் மொகத்துல எப்பிடி மக்களே முழிப்பேன்?"

இந்த வருஷத்தில் நான் கேட்ட பேச்சுகளிலேயே என்னை மிகவும் எரித்தது இதுதான். வக்கீல் சொன்னதுகூட இவ்வளவு எரிக்கவில்லை. மகன் முகத்தில் அவர் முழிக்கவேண்டும். ஆகவே அவர் இருக்கும்வரை எல்லோருக்கும் நல்லவர். அவர் போனபின் நான் அந்தச் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் நிற்கவேண்டும். அப்பன் எழுதியதைத் தங்கச்சி கெடுத்தாள், மைனியின் கையெழுத்தை வைத்தே ஏமாற்றினாள் என்று ஊர் பேசும். அவர் முகத்தைக் காப்பாற்ற நான் திருடி என்று பெயர் வாங்கவேண்டும். எனக்குத் தர ஆசை இருந்தால் தரட்டும். தர மனமில்லையென்றால் அதையும் தைரியமாகச் சொல்லட்டும். இருட்டில் கைவிட்டு எடுத்துக்கொள் என்று சொல்லக்கூடாது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "நீ சொன்னது சரிதான். ஆனா சொல்லியிருக்கண்டாம்," என்றாள். உனக்கு வரவேண்டிய மூன்றில் ஒன்றை உன் பெயருக்கு எழுதச் சொல்லி நீ கேளேன் அம்மா என்றேன். கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணனுக்கு நானே எழுதினேன். நடந்த தப்பையும், அது எந்த விதி என்பதையும், இதனால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதையும், அதை அப்பா கையால் எழுதித் தந்தால் மட்டுமே வாங்குவேன் என்பதையும் எழுதினேன். மைனி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தனியாக எழுதினேன். அனுப்பியதை அப்பாவிடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

இன்றைய நிலை இது. உயில் திருத்தப்படவில்லை, புதிதாக எழுதப்படவும் இல்லை. பழைய தாள் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. அண்ணனிடமிருந்து பதில் இல்லை. இரண்டு கப்பல் வந்துபோய்விட்டது. வக்கீல் என்னை பஜாரில் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். நான் அதே வீட்டில் இருந்துகொண்டு அதே ஃபெர்ரியில் வேலைக்குப் போய்வருகிறேன். போன வாரம் சமையலறைப் பக்கத்து உத்தரத்தை மாற்றவேண்டும், அளவெடுத்துக் கொடு என்று அப்பா அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். உயிலில் யார் பெயருக்கு வீடு இருக்கிறதோ அவர் வந்து அளக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். உத்தரம் இன்னும் மாற்றவில்லை.